நிற்காமல் ஏறுவது: பழைய மோட்டார் சைக்கிள் ட்ரயல்ஸ் போட்டியில் கலந்துகொள்வதற்கான வழிகாட்டி

ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தில் கின்லாக்லெவன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே முன்பு இயங்கிவந்த அலுமினிய ஆலைக்காக, மலைமேல் உள்ள நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் இறக்கப் பதித்த பெரிய குழாய்கள் இன்றும் சரிவில் கிடக்கின்றன. அவற்றை ஒட்டி மேலேறும், கற்கள் உருண்டு கிடக்கும் செங்குத்துப் பாதைக்குப் 'பைப்லைன்' என்று பெயர். ஏப்ரல் இறுதியிலோ மே மாதத் தொடக்கத்திலோ இந்த ஊரில் நடக்கும் 'ப்ரீ-65 ஸ்காட்டிஷ்' போட்டிக்கு, 1965-க்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த மோட்டார் சைக்கிள்கள் வந்து சேர்கின்றன. அவை இத்தகைய பாதைகளில் ஒவ்வொன்றாக ஏறும்போது எத்தனை நொடியில் ஏறின என்று யாரும் கணக்கிடுவதில்லை. ஓட்டுபவரின் கால் தரையைத் தொட்டதா, வண்டி நின்றுவிட்டதா என்ற இரண்டை மட்டுமே ஓரத்தில் அட்டையுடன் நிற்கும் கண்காணிப்பாளர் பார்க்கிறார்.

ட்ரயல்ஸ் என்ற விளையாட்டின் சாரம் முழுவதும் அந்த இரண்டு கேள்விகளில் இருக்கிறது. பழைய வண்டி ஒன்றை வாங்கிப் போட்டிக்குள் நுழைய விரும்புகிறவருக்கும், ஓட்டாவிட்டாலும் அதன் நுட்பம் தெரிந்து பார்க்க விரும்புகிறவருக்கும் உதவும் வகையில், இந்தப் போட்டி ஆழமாக வேரூன்றிய பிரிட்டனின் நடைமுறையை வைத்தே இதை எழுதுகிறேன்.

எந்த வண்டி எந்தப் பிரிவு

பழைய ட்ரயல்ஸ் வண்டிகள் பொதுவாக இரண்டு பெரும் பிரிவுகளில் அடங்கும். முதலாவது 'ப்ரீ-65'. பிஎஸ்ஏ, ஏரியல், மேட்ச்லெஸ், ஏஜேஎஸ், நார்ட்டன், ராயல் என்ஃபீல்டு, ட்ரையம்ஃப் போன்றவற்றின் நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளும், பெரும்பாலும் வில்லியர்ஸ் எஞ்சின் பொருத்தப்பட்ட க்ரீவ்ஸ், ஃபிரான்சிஸ்-பார்னெட், ஜேம்ஸ், டாட் போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளும் இதில் வரும். இந்தப் பிரிவுக்குள்ளேயே பின்புறம் ஷாக் அப்சார்பர் இல்லாத 'ரிஜிட்' வண்டிகளுக்கும், எஞ்சினும் கியர்பாக்ஸும் தனித்தனியாக உள்ளவற்றுக்கும், இரண்டும் ஒரே கூட்டில் அமைந்தவற்றுக்கும் சங்கங்கள் தனித்தனி வகுப்புகள் வைப்பதுண்டு.

1965 என்ற எல்லைக்கோட்டுக்குக் காரணம் இருக்கிறது. ஏரியல் நிறுவனத்தின் 500 சிசி வண்டியில், ஜிஓவி 132 என்ற பதிவெண்ணோடு, ஆண்டுக்கணக்கில் வெற்றிகளைக் குவித்துவந்த சாமி மில்லர், 1964-ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்பெயினின் புல்டாக்கோ நிறுவனத்துக்குச் சென்று, எடை குறைந்த இரண்டு ஸ்ட்ரோக் வண்டியான ஷெர்ப்பாவை உருவாக்குவதில் பங்கெடுத்தார். 1965-இல் அதே வண்டியில், ஆறு நாள் நடக்கும் பெரிய போட்டியான ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் ட்ரயலை வென்றார். கனத்த பிரிட்டிஷ் நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளின் காலம் அதோடு முடிந்துவிட்டது. ஷெர்ப்பா வருவதற்கு முந்தைய உலகத்தைத் தனியாகப் பாதுகாக்கவே அந்த ஆண்டில் கோடு கிழிக்கப்பட்டது என்று புரிந்துகொண்டால், பின்னால் வரும் விதிகள் பலவற்றுக்கும் பொருள் விளங்கும்.

இரண்டாவது பிரிவு 'ட்வின்ஷாக்'. பின்சக்கரத்துக்கு இரண்டு ஷாக் அப்சார்பர்கள், காற்றால் குளிரும் எஞ்சின், இரு சக்கரங்களிலும் டிரம் பிரேக் ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள். புல்டாக்கோ ஷெர்ப்பா, மாண்டெசா கோட்டா, ட்ரயல்ஸ் வீரர் மிக் ஆண்ட்ரூஸின் பெயரைத் தாங்கிய ஓசா மார், யமஹா டிஒய், ஹோண்டா டிஎல்ஆர், இத்தாலியின் ஃபான்டிக், எஸ்டபிள்யூஎம் ஆகியவை இங்கே அடிக்கடி காணக் கிடைப்பவை. முதல்முறை வண்டி வாங்குகிறவருக்கு நான் யமஹா டிஒய் 175-ஐத்தான் சொல்வேன். அது அடக்கமானது, இலேசானது, புதியவர் செய்யும் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளக்கூடியது. 500 சிசி ஏரியல் அழகுதான். ஆனால் ஈரமான சரிவில் பக்கவாட்டில் சாயத் தொடங்கிய பிறகு அதைக் கையால் தாங்கிப் பிடிக்க முடியாது.

ராயல் என்ஃபீல்டு பற்றித் தமிழ் வாசகருக்கு ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். நம் சாலைகளில் ஓடும் புல்லட்டின் முன்னோடி வண்டி, 1948-ஆம் ஆண்டில், பின்சக்கரத்தை மேலும் கீழும் அசையவிடும் ஸ்விங்கிங் ஆர்ம் அமைப்புடன் ட்ரயல்ஸ் களத்தில்தான் சோதிக்கப்பட்டது. பின்சக்கரம் மேலும் கீழும் அசைந்தால் சேற்றில் பிடிப்புப் போய்விடும் என்று பலர் நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கையை உடைத்தவர்களில் முக்கியமானவர் ட்ரயல்ஸ் வீரர் ஜானி பிரிட்டன். அவர் என்ஃபீல்டு புல்லட்டில் 1952-இலும் 1957-இலும் ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் ட்ரயலை வென்றார். அந்த இரண்டு வெற்றிகளுக்கும் நடுவில், 1955-இல், சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டு, பின்னர் திருவொற்றியூரில் புல்லட் உற்பத்தி வேரூன்றியது. 2019-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த 'புல்லட் ட்ரயல்ஸ்' என்ற வண்டி இந்த ஜானி பிரிட்டனைப் போற்றும் வகையில் வெளியிடப்பட்டதே. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியாமலேயே நம்மில் பலர் அதை ஷோரூமில் பார்த்துக் கடந்திருப்போம்.

புள்ளிகள் விழும் விதம்

ஒரு ட்ரயல்ஸ் போட்டி என்பது காடு, ஓடை, பாறைச்சரிவு போன்ற இடங்களில் ஆங்காங்கே அமைக்கப்பட்ட 'செக்‌ஷன்'களின் தொகுப்பு. சிறிய சங்கம் ஒன்று நடத்தும் ஒருநாள் போட்டியில் 10 செக்‌ஷன்களை அமைத்து நான்கு சுற்று ஓட்டச் சொல்வார்கள். ஆக மொத்தம் 40 முயற்சிகள். ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 செக்‌ஷன்கள், அவற்றுக்கிடையே நீண்ட மலைப்பயணம். எல்லோரும் பூஜ்யத்தில் தொடங்குகிறார்கள். தவறு செய்யச் செய்யத் தண்டப் புள்ளி ஏறும். முடிவில் குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர்.

முன்சக்கரத்தின் அச்சு தொடக்க அட்டையைத் தாண்டும் கணத்தில் செக்‌ஷன் ஆரம்பமாகிறது. அதே அச்சு முடிவு அட்டையைத் தாண்டும் கணத்தில் முடிகிறது. இடையில் கால் ஒருமுறையும் ஊன்றாமல் வந்தால் பூஜ்யம்; இதைக் 'கிளீன்' என்பார்கள். ஒருமுறை ஊன்றினால் 1, இருமுறை ஊன்றினால் 2, மூன்று முறையோ அதற்கு மேல் எத்தனை முறையோ ஊன்றினால் 3. செக்‌ஷனை முடிக்கத் தவறினால் 5. அறுபதுகளில் 2 என்ற எண்ணே கிடையாது. ஒருமுறை ஊன்றினால் 1, அதற்கு மேல் 3 என்றே எழுதினார்கள்.

இந்த அளவுகோலில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. மூன்றாவது முறை கால் வைத்த பிறகு நான்காவதுக்கும் பத்தாவதுக்கும் தண்டனை இல்லை. ஆகவே சமநிலை முற்றிலும் கெட்டுவிட்டது என்று உணர்ந்தவுடன், கௌரவம் பார்க்காமல் இரண்டு கால்களாலும் தரையை உந்தி, வண்டியை நகர்த்தியபடியே முடிவு அட்டைவரை கொண்டுபோய்விட வேண்டும். புதியவர்கள் பலர் 1-ஐக் காப்பாற்ற முயன்று, காலை எடுத்துக்கொண்டு மீண்டும் சமநிலைக்குப் போராடி, நின்றுபோய் 5 வாங்குகிறார்கள். 40 முயற்சிகளில் இப்படிப் பத்துத் தடவை 3-ஐ 5 ஆக்கிக்கொண்டால் 20 புள்ளிகள் வீணாகின்றன.

'கால் ஊன்றுதல்' என்பதன் பொருள் பாதம் மட்டுமன்று. உடலின் எந்தப் பகுதியும் தரையைத் தொட்டாலோ, ஒரு மரத்திலோ பாறையிலோ ஆதரவுக்காகச் சாய்ந்தாலோ அது ஊன்றலாகவே எண்ணப்படும். டயர், ஃபுட்ரெஸ்ட், எஞ்சினின் அடித்தகடு ஆகியவை பாறையில் உரசுவதற்குத் தண்டனை இல்லை.

5 விழும் சந்தர்ப்பங்களை மனப்பாடமாகவே வைத்திருக்க வேண்டும். வண்டியின் முன்னோக்கிய நகர்வு நின்றுபோவது, பின்னோக்கி உருள்வது, எல்லையைக் குறிக்கும் அட்டைக்கு வெளியே சக்கரம் போவது, எல்லை நாடாவை அறுப்பது அல்லது குறியைப் பெயர்ப்பது, வண்டியிலிருந்து இறங்கி இரு கால்களும் ஒரே பக்கம் வருவது, ஹேண்டில்பார் தரையில் படுமாறு விழுவது, தன் வகுப்புக்குரிய அட்டைகளுக்கு நடுவே போகாமல் தவறவிடுவது, வேறொருவர் கைகொடுப்பது ஆகிய ஒவ்வொன்றும் 5. எல்லைக் குறிகளில் சிவப்பு எப்போதும் வலப்பக்கமும் நீலம் இடப்பக்கமும் இருக்கும். மழையில் கண்ணாடி மங்கிப் பதற்றமாக இருக்கும் நேரத்தில் இந்த ஒரு வழக்கம் பலரைக் காப்பாற்றியிருக்கிறது.

இங்கே பழைய வண்டிகளின் போட்டியை நவீன வண்டிகளின் போட்டிகள் பலவற்றிலிருந்து பிரிக்கும் விதி வருகிறது. நவீன ஓட்டுநர்கள் பலர் பாறையின் அடியில் வண்டியை அசையாமல் நிறுத்தி, பின்சக்கரத்தைத் துள்ளவைத்துத் திசை திருப்பி, பிறகு தாவுவதைப் பார்த்திருப்பீர்கள். பழைய வண்டிகளின் போட்டிகள் பொதுவாக நிற்காமல் ஓட்டும் விதிப்படியே நடக்கின்றன. சக்கரம் நின்றால் கால் ஊன்றாவிட்டாலும் 5. இது வெறும் பழமைப்பற்று அன்று. நின்று துள்ளும் வித்தைக்குக் கூர்மையான கிளட்சும், டிஸ்க் பிரேக்கும், 70 கிலோ அளவிலான எடையும் தேவை. 100 கிலோவைத் தாண்டிய, டிரம் பிரேக் உள்ள வண்டியில் அது நடக்காது. நிற்காமல் ஓட்டும் விதி இருப்பதால்தான் 60 ஆண்டுகளுக்கு முந்தைய வண்டி இன்னும் பொருளுள்ள ஒரு போட்டியில் நிற்க முடிகிறது. செக்‌ஷன் அமைப்பவர்களும் அதனால் படிக்கட்டுப் போன்ற உயரங்களைத் தவிர்த்து, பிடிப்பு, சரிவு, வளைவு ஆகியவற்றால் சவால் உண்டாக்குகிறார்கள்.

வண்டி நின்றதா, மிக மெதுவாக நகர்ந்ததா என்ற ஐயம் வந்தால் அதன் பலன் ஓட்டியவருக்கே போவது வழக்கம். வேறொரு போட்டியாளரோ பார்வையாளரோ குறுக்கே வந்து தடுத்துவிட்டால், கண்காணிப்பாளர் மறுமுயற்சி தரலாம். ஆனால் தடை ஏற்படும் முன்பு விழுந்த புள்ளிகள் அப்படியே இருக்கும். கால் தரையில் இழுபட்டால் எப்படி எண்ணுவது, ஊன்றிய இடத்திலேயே பாதம் திரும்பினால் எப்படி என்பவற்றில் போட்டிக்குப் போட்டி வேறுபாடு உண்டு. ஒவ்வொரு சங்கமும் முன்கூட்டியே அனுப்பும் துணை விதிகளை முதல்நாள் இரவே வாசித்துவிட வேண்டும்.

நடந்து பார்ப்பது

செக்‌ஷனை ஓட்டுவதற்கு முன் அதன் வழியே நடந்து பார்க்க அனைவருக்கும் உரிமை உண்டு. வண்டியில் ஒருமுறை ஒத்திகை பார்ப்பதற்கு இல்லை; போட்டிக்கு முன்போ இடையிலோ செக்‌ஷனில் ஓட்டிப் பழகினால் நீக்கப்படுவீர்கள்.

பெரும்பாலோர் தொடக்கத்திலிருந்து முடிவை நோக்கி ஒருமுறை நடந்துவிட்டு, தெரிந்துகொண்டதாக எண்ணித் திரும்புகிறார்கள். அதைவிட, முடிவு அட்டையிலிருந்து பின்னோக்கி யோசிப்பது நல்லது. கடைசிப் பாறையில் முன்சக்கரம் எந்த இடத்தில் ஏற வேண்டும், அதற்காக முந்தைய வளைவை எவ்வளவு அகலமாக எடுக்க வேண்டும், அவ்வளவு அகலம் வேண்டுமென்றால் ஓடைக்குள் எந்தப் பக்கமாக இறங்க வேண்டும் என்று ஒன்றோடொன்று கோத்து வந்தால், தொடக்க அட்டையின் முன் வண்டியை எந்தக் கோணத்தில் நிறுத்துவது என்பதுகூடத் தானாகத் தீர்மானமாகிவிடும். நடக்கும்போது கல்லைக் காலால் அழுத்திப் பாருங்கள். அது அசைகிறதா, வேரின்மேல் பாசி இருக்கிறதா, முன்னால் போனவர்களின் டயர் எங்கே சறுக்கிப் பள்ளம் பறித்திருக்கிறது என்று கவனியுங்கள். வேர் ஒன்று பாதைக்குக் குறுக்காகச் சாய்ந்து கிடந்தால், அதைச் செங்கோணத்தில் கடக்கும்படி கோட்டை மாற்றிக்கொள்ளுங்கள்.

அழுத்திப் பார்க்கலாம், ஆனால் எதையும் நகர்த்தக் கூடாது. தொந்தரவான கல்லை உதைத்துத் தள்ளுவதும், கிளையை ஒடிப்பதும், பள்ளத்தில் கல்லைப் போட்டு நிரப்புவதும் பிரிட்டிஷ் ட்ரயல்ஸ்காரர்களின் பேச்சில் 'தோட்ட வேலை' எனப்படும். யாரும் பார்க்கவில்லை என்றாலும் அது திருட்டுத்தான். உங்களுக்கு முன்னால் நூறு பேர் அந்தக் கல்லோடு ஓட்டியிருக்கிறார்கள். நீங்கள் அதை அகற்றினால் ஓட்டியது வேறொரு செக்‌ஷன் ஆகிவிடும்.

ஓட்டும் முறை

செக்‌ஷனுக்குள் எப்போதும் ஃபுட்ரெஸ்ட்டின் மேல் நின்றுதான் ஓட்ட வேண்டும். முழங்கால் சற்று வளைந்து, இடுப்பு தளர்ந்து, பார்வை முன்சக்கரத்தின் மேல் அல்லாமல் சில மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நின்றுகொண்டிருந்தால் வண்டி உங்களுக்குக் கீழே தன்னிச்சையாக ஆடலாம். உட்கார்ந்தால் அதன் ஒவ்வோர் ஆட்டமும் உங்களையும் சேர்த்து ஆட்டும்.

மெதுவான வளைவில் வண்டியை வளைவின் உள்பக்கம் சாய்த்து, உடல் எடையை வெளிப்பக்க ஃபுட்ரெஸ்ட்டில் அழுத்துங்கள். சாலையில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். சாலையில் வேகம்தான் வண்டியை நிமிர்த்திப் பிடிக்கிறது. இங்கே அந்த வேகம் இல்லாததால் உங்கள் எடை அந்த வேலையைச் செய்கிறது. இதற்கென்று எந்தப் பாறையும் வேண்டாம். சமதளப் புல்வெளியில் ஓர் எட்டு வரைந்து, கால் ஊன்றாமல், நாளுக்குநாள் அதைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் போதும்.

கிளட்சைப் பற்றிப் பழைய வண்டிக்காரர்களின் அறிவுரை வேறு. நவீன வண்டியில் ஒரு விரல் எந்நேரமும் கிளட்சின் மேல் இருக்கும். பழைய பெரிய நான்கு ஸ்ட்ரோக் வண்டியின் எஞ்சினில் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் சுழல்கிறது. ஒருமுறை சுழலத் தொடங்கினால் அது எளிதில் அடங்காது. கிளட்சை முழுவதும் விட்டுவிட்டு, ஆக்சிலேட்டரை மயிரிழை அளவுக்குத் திறந்து, எஞ்சின் 'டப், டப், டப்' என்று ஒவ்வொரு அடியாகத் தள்ள விடுவதே அங்கே சரியான முறை. ஈரமான பாறையில் ஒவ்வோர் உந்தலுக்கும் இடையிலான இடைவெளியில் டயர் மீண்டும் பிடித்துக்கொள்கிறது. கைப்பிடியில் இக்னிஷன் நேரத்தை மாற்றும் சிறு நெம்புகோல் உள்ள வண்டியானால், அதைச் சற்றுப் பின்தள்ளி வைத்தால் எஞ்சின் இன்னும் மென்மையாக இழுக்கும். இந்த ஓசையைக் கேட்பதற்காகவே ப்ரீ-65 போட்டியைப் பார்க்கச் செல்லலாம் என்பது என் எண்ணம்.

பாறைப் படியொன்றில் ஏறுவதற்கு, அதற்குச் சற்று முன்பே முழங்காலை மடக்கி முன்பக்கத்தை அழுத்தி, அது மேலெழும் கணத்தில் ஆக்சிலேட்டரைத் திறந்து முன்சக்கரத்தைப் படியின் விளிம்பில் வைக்க வேண்டும். அதற்கடுத்துச் செய்வதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பின்சக்கரம் படியில் மோதுவதற்குச் சற்று முன் ஆக்சிலேட்டரை மூடி, உடலை முன்னும் மேலுமாக எழுப்பி, பின்சக்கரத்தின் மேலுள்ள எடையை எடுத்துவிட வேண்டும். அதே நேரத்தில் ஆக்சிலேட்டரைத் திறந்து வைத்திருந்தால் பின்சக்கரம் சுழன்று படியிலேயே நின்றுவிடும்.

சேற்றில் இதற்கு நேர்மாறு. எடையைப் பின்னால் வைத்து, ஒரு கியர் கூடுதலாக எடுத்து, எஞ்சினைச் சீராக இழுக்க விடுங்கள். நடுவில் ஆக்சிலேட்டரைக் கூட்டுவதோ குறைப்பதோ பிடிப்பை அறுத்துவிடும். இறக்கத்தில் முதல் கியரில் எஞ்சினின் இழுவையை நம்பி, இரு பிரேக்குகளையும் மெல்லத் தொடுங்கள். டிரம் பிரேக் தண்ணீரில் நனைந்தால் ஏறத்தாழப் பயனற்றுப் போகும். ஆகவே ஓடையைக் கடந்தவுடன், அடுத்த இறக்கம் வருவதற்குள், ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாகப் பிடித்துச் சூட்டில் காயவைத்துவிட வேண்டும்.

வண்டியில் எதைத் தொடலாம்

டயர் ட்ரயல்ஸுக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். மோட்டோகிராஸ் டயரின் உயரமான முடிச்சுகளுக்கு இங்கே அனுமதி இல்லை. முன்னால் 2.75-21, பின்னால் 4.00-18 என்பவை வழக்கமான அளவுகள். காற்றழுத்தம் சாலை வண்டி ஓட்டுகிறவருக்கு நம்ப முடியாத அளவுக்குக் குறைவு: பின்னால் 4 முதல் 5 பவுண்டு, முன்னால் 5 முதல் 6. இவ்வளவு குறைவான காற்றில் டயர் பாறையின் மேல் படிந்து விரிகிறது. ஆனால் டயர் ரிம்மின் மேல் வழுக்கிச் சுழன்று டியூபின் வால்வைப் பிடுங்கிவிடாமலிருக்க, ரிம்முக்குள் டயரை இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் கட்டாயம் தேவை. பெட்ரோல் பங்க்கில் இருக்கும் அளவி இந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டாது. குறைந்த அழுத்தத்துக்கென்று தனி அளவி வாங்கிக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் பழமை பேச வேண்டியதில்லை. கை நெம்புகோல்களின் நுனி உருண்டையாக இருக்க வேண்டும். பின் ஸ்ப்ராக்கெட்டும் செயினும் சேரும் இடத்தில் விரல் சிக்காதபடி மறைப்பு வேண்டும். விழுந்தால் எஞ்சினை அணைக்கும், மணிக்கட்டில் கட்டும் கயிற்று ஸ்விட்ச் பல இடங்களில் கட்டாயம், கட்டாயமில்லாத இடத்திலும் பொருத்திக்கொள்ள வேண்டியது. இக்னிஷனை நவீன மின்னணு முறைக்கு மாற்றுவதையும் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள். மழையில், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ நனைந்து நின்றுபோன வண்டியை மலையிலிருந்து தள்ளிக்கொண்டு இறங்குவதில் எந்த மரபும் காப்பாற்றப்படுவதில்லை.

வாக்குவாதம் தொடங்குவது இதற்கு அப்பால்தான். ட்ரையம்ஃப் டைகர் கப் எஞ்சினை வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி இலேசான உலோகத்தில் புதிய சட்டகம், அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்த ஃபோர்க் பிடிப்பான்கள், எண்பதுகளின் இத்தாலிய வண்டியிலிருந்து எடுத்த சக்கர மையம், உள்ளே நவீன பாகங்கள் நிறைந்த ஷாக் அப்சார்பர்கள் என்று எல்லாம் மாற்றி, பெட்ரோல் டேங்கில் மட்டும் பழைய பெயரை எழுதிய வண்டிகள் ஏராளமாக வந்துவிட்டன. அவற்றைச் செய்தவர்களின் கைத்திறன் பெரிது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அத்தகைய வண்டிகள் பெருகியதும், அவற்றுக்குச் சவாலாக இருக்க வேண்டுமென்று செக்‌ஷன்கள் கடினமாக்கப்பட்டன. செக்‌ஷன் கடினமானதும், தொழிற்சாலையில் வந்தபடியே வண்டி வைத்திருந்தவர்கள் ஓட்ட முடியாமல் கொட்டகையில் பூட்டிவைத்தார்கள். இப்படி, பழைய வண்டிகளுக்கென்று தொடங்கிய போட்டியிலிருந்து பழைய வண்டிகளே வெளியேறும் நிலை வந்தது. ப்ரீ-65 ஸ்காட்டிஷ் போன்ற போட்டிகள் எந்தப் பாகம் ஏற்கத்தக்கது என்று கடுமையான விதிகள் வைத்து வண்டியைச் சோதித்தே அனுமதிப்பது இதனால்தான்.

நீங்கள் வண்டியைத் தயாரிக்கும்போது ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம்: அந்தக் காலத்தில் ஒரு நல்ல ஓட்டுநர் தன் கொட்டகையில், கைக்கருவிகளோடு, இதைச் செய்திருக்க முடியுமா? ஃபுட்ரெஸ்ட்டைச் சற்றுப் பின்னும் கீழுமாக இறக்குவது, ஹேண்டில்பாரை மாற்றுவது, பின் ஸ்ப்ராக்கெட்டைப் பெரிதாக்கி வண்டியை மெதுவாக்குவது, சட்டகத்தில் தேவையற்ற இரும்புக் காதுகளை அறுத்தெடுப்பது ஆகியவற்றை அவர்களே செய்தார்கள்; மில்லரின் ஏரியலும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருந்ததில்லை. அந்த எல்லைக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் உழைக்கலாம். பணம் செலவழிப்பதானால் முதலில் கார்புரேட்டரில் செலவழியுங்கள். தேய்ந்த கார்புரேட்டரோடு ஐட்லிங் தடுமாறும் வண்டியில், வேறெந்த விலையுயர்ந்த பாகமும் உங்களுக்கு ஒரு 'கிளீன்' வாங்கித் தராது.

போட்டி நாள்

பிரிட்டனில் பெரும்பாலான போட்டிகள் ஆட்டோ-சைக்கிள் யூனியனின் அனுமதியோடு, உள்ளூர்ச் சங்கங்களால் நடத்தப்படுகின்றன. சங்கத்தில் உறுப்பினராகி, ஓட்டுநர் பதிவு எடுத்துக்கொண்டு, முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். பெரிய ஸ்காட்டிஷ் போட்டிகளில் இடத்துக்குக் குலுக்கல் நடக்கும். போட்டியின் பாதை பொதுச்சாலையில் போவதாக இருந்தால் வண்டிக்குப் பதிவெண்ணும் காப்பீடும், உங்களுக்கு ஓட்டுநர் உரிமமும் வேண்டும். படிவத்தில் வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, திறமையை மிகைப்படுத்தாமல் எளிதான பாதையையே எடுங்கள். வழிகாட்டும் அம்புகளின் நிறம் பாதைக்குப் பாதை மாறும் என்பதால், உங்கள் நிறம் எது என்று தொடங்குமுன் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நிலம் சங்கத்துக்குச் சொந்தமன்று. அது ஒரு விவசாயியுடையது, அல்லது ஆடு மேயும் மலை. நீங்கள் திறந்த கதவை மூடுவதும், செக்‌ஷன்களுக்கு இடையில் சத்தமின்றி மெதுவாகப் போவதும், பெட்ரோல் நிரப்பும்போது துணியோ விரிப்போ போட்டுச் சிந்தாமல் நிரப்புவதும், குறியிட்ட பாதையை விட்டு விலகாமலிருப்பதும் மரியாதைக்காக மட்டும் சொல்லப்படுபவை அல்ல. குட்டி ஈனும் ஆடுகளுக்கு நடுவே ஒருவர் வண்டியை முறுக்கிக்கொண்டு போனால், அந்த நிலம் அடுத்த ஆண்டு கிடைக்காது.

வரிசையில் நிற்கும்போது முன்னவர் செக்‌ஷனை முடித்து, கண்காணிப்பாளர் கைகாட்டிய பிறகே நுழைய வேண்டும். உங்களுக்குக் கிடைத்த புள்ளியை அவர் விரலால் காட்டுவார். அதில் தவறு இருப்பதாகத் தோன்றினால் அமைதியாக ஒருமுறை கேட்கலாம். அவர் சொன்ன பிறகு அதுவே முடிவு. இதற்கு மறுபக்கமும் உண்டு. அவர் பார்க்காத பக்கத்தில் கால் ஊன்றியிருந்து, அவர் பூஜ்யம் காட்டினால், 'இல்லை, ஒன்று' என்று நீங்களே சொல்லிவிட வேண்டும். எந்த விதிப்புத்தகமும் இதைக் கேட்பதில்லை. ஆனால் காட்டின் நடுவில், ஒரேயொரு மனிதரின் கண்களை நம்பி நடக்கும் போட்டி, ஓட்டுகிறவர்களும் சேர்ந்து கணக்கைக் காக்காவிட்டால் ஒரு நாள்கூட நடக்க முடியாது.

இறுதியில் இருவர் ஒரே புள்ளியில் நின்றால், யார் அதிகமான செக்‌ஷன்களைக் கிளீனாக முடித்தார் என்று பார்ப்பது ஒரு முறை. தொடக்கத்திலிருந்து யார் அதிக தூரம் புள்ளி இழக்காமல் சென்றார் என்று பார்ப்பது இன்னொரு முறை. இரண்டாவது முறை கையாளப்படும் இடத்தில், காலையில் முதல் செக்‌ஷனில் உடல் சூடேறுமுன் இழக்கும் ஒரு புள்ளி மாலையில் கோப்பையையே எடுத்துக்கொண்டு போய்விடும்.

முதல் போட்டிக்கு வண்டியோடு போவதற்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்குத் தகவல் சொல்லிவிட்டுக் கண்காணிப்பாளராக நின்று பாருங்கள். ஊதியமில்லாத இந்த வேலைக்கு எப்போதும் ஆள் குறைவு. உங்களை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வார்கள். ஒரே செக்‌ஷனில் எண்பது பேர் எண்பது விதமாக ஏறுவதை, அவர்களின் கால் எங்கே தடுமாறுகிறது, எந்தக் கோடு நான்காவது சுற்றில் கெட்டுப்போகிறது என்பதையெல்லாம் நாள் முழுவதும் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் கிடைக்காது. நீர் புகாத காலணியும், ஃபிளாஸ்கில் தேநீரும், இரண்டு பென்சில்களும் எடுத்துச் செல்லுங்கள். மழையில் பேனா எழுதாது. புள்ளித்தாளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, கை உள்ளே நுழையும் அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டால் மாலைவரை எண்கள் அழியாமல் இருக்கும்.